ஆயிர வருஷ அரசாட்சி: அளவுகோலோடு ஏழு நாள்

முதல் நாள்: எருசலேம், இஸ்ரேல் அருங்காட்சியகம்

கிறிஸ்து இந்தப் பூமியில் ஆயிரம் வருஷம் ராஜாவாக ஆளுவார் என்பதை 'ஆயிர வருஷ அரசாட்சி' என்று நம் சபைகளில் சொல்லிப் பழகியிருக்கிறோம். இதில் 'ஆயிரம்' என்ற எண் வேதத்தில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரம், 2 முதல் 7 வரையுள்ள வசனங்களில் ஆறு தடவை. எபிரெயத் தீர்க்கதரிசிகளில் ஒருவரும் மேசியாவின் ஆட்சிக்கு இத்தனை வருஷம் என்று கணக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிரத்துக்குள் நாம் நிரப்பி வைத்திருப்பதெல்லாம் அவர்களுடையதுதான். பட்டயம் மண்வெட்டியாவது ஏசாயா, ஆலயத்திலிருந்து நதி புறப்படுவது எசேக்கியேல், ஒலிவமலை பிளப்பது சகரியா. மரக்கால் வெளிப்படுத்தின விசேஷம் எழுதிய யோவானுடையது, நெல் தீர்க்கதரிசிகளுடையது. அளப்பவன் இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இஸ்ரேல் தேசத்தில் இந்த ஏழு நாள் பயணமும் அதற்குத்தான்.

ஆகவே பயணம் ஏசாயாவில் தொடங்குகிறது. 1947ல் சவக்கடல் ஓரத்துக் கும்ரானின் முதல் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள், தோல் துண்டுகள் 17ஐத் தைத்துச் செய்தது. நீளம் 7.34 மீட்டர், 54 பத்திகள், ஏறத்தாழ கி.மு. 125. ஏசாயாவின் 66 அதிகாரங்களும் அதில் உண்டு. அது இருப்பது 1965ல் திறந்த 'சுருள்களின் ஆலயம்' என்னும் வெள்ளைக் குவிமாடக் கட்டடத்தில். நடுவில் உருளையைச் சுற்றி விரித்திருப்பது நகல். வெளிச்சம் பட்டால் தோல் கெடும் என்பதால் மூலத்தை அப்படி நிரந்தரமாக வைப்பதில்லை. நகல்தானே என்று தாண்டிப் போய்விட வேண்டாம், எழுத்து எழுத்தாகப் பார்க்க அதுவே போதும். 32ஆம் பத்தியின் கடைசி வரியைப் பாருங்கள். 40ஆம் அதிகாரம் அங்கேதான் தொடங்குகிறது, இடைவெளி விடாமல். நாம் புத்தகங்களில் தடித்த எழுத்தில் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தவை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை.

அந்தப் பிரிவுகள் தரும் தொல்லை ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். எபிரெய மூலத்தோடு ஒத்துப் பார்ப்பவர்கள் முதலில் இடறுவது வசன எண்ணில். நம் பழைய திருப்புதலில் ஏசாயா 9:6 என்பது எபிரெயத்தில் 9:5. மீகா 5:2 அங்கே 5:1. யோவேல் 2:28 முதல் 32 வரை அங்கே தனியாக 3ஆம் அதிகாரம். நம்முடைய யோவேல் 3 அவர்களுக்கு 4. இது தெரியாமல், 'யூதர்கள் வசனத்தையே எடுத்துவிட்டார்கள்' என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எடுக்கவில்லை, ஒரு வசனம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே வளாகத்தில் வெளியே, பழைய எருசலேமின் 1:50 மாதிரி இருக்கிறது. அதில் தெரிவது ஏரோது கட்டிய ஆலயம். எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட ஆலயம் இதுதான் என்று நினைத்து, 'எசேக்கியேலின் ஆலயம்' என்று படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இரவு படிக்க ஏசாயா 65:17 முதல் 25. இந்தப் பயணம் முழுவதற்கும் உரைகல் அதுதான். 17ஆம் வசனம் புதிய வானம், புதிய பூமி என்கிறது. 20ஆம் வசனமோ, நூறு வயதுசென்று மரிக்கிறவனும் வாலிபனென்று எண்ணப்படுவான் என்கிறது. சாவு இன்னும் இருக்கிறது! வெளிப்படுத்தின விசேஷம் 21:4ல் புதிய பூமியில் மரணமில்லை. கிறிஸ்து வந்த பிறகுதான் ஆயிர வருஷம் என்பவர்கள் 20ஆம் வசனத்தை அந்த ஆயிரத்துக்குள் வைக்கிறார்கள். ஆயிரம் என்பது இப்போதைய சபையின் காலமே என்பவர்கள், நீண்ட ஆயுசு என்பது சாவில்லாத வாழ்வுக்கு உவமை என்கிறார்கள். சுவிசேஷம் பரவி உலகம் படிப்படியாக அந்த நிலைக்கு வரும், அதற்குப் பிறகே கிறிஸ்து வருவார் என்பது மூன்றாவது கூட்டம். முதல் கூட்டமே சரியென்று இந்தக் குறிப்புகள் நம்புகின்றன. ஆனால் யோவானின் புத்தகத்தில் புதிய பூமி ஆயிரத்துக்குப் பிறகே வருவதால், அந்தக் கூட்டத்துக்கும் 17ஆம் வசனம் ஒரு முள் என்பதை மறைக்கக் கூடாது.

இரண்டாம் நாள்: ஒலிவமலை

காலையிலேயே மேலே போய்விட வேண்டும். நகரம் மேற்கே இருப்பதால் காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் கண் கூசி ஒன்றும் தெரியாது. தமஸ்கு வாசல் பக்கத்திலிருந்து அரபுப் பேருந்தில் உச்சிக்குப் போய், கால்நடையாக கெத்செமனே வரை இறங்குவது நல்லது. பாதை செங்குத்து, கல் வழுவழுப்பு. மழை நாளில் தேய்ந்த செருப்பு போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

உச்சிப் பார்வை மேடையில் நின்று சகரியா 14:4ஐத் திசையோடு வாசியுங்கள். மலை கிழக்கு மேற்காகப் பிளக்கும். ஒரு பாதி வடக்கே, ஒரு பாதி தெற்கே விலகும். இந்த இடத்தில் அநேகர் ஒரு தவறு செய்கிறார்கள். சவக்கடல் பள்ளத்தாக்கின் நிலப்பிளவு இங்கிருந்து கிழக்கே இருக்கிறது, 1927 ஜூலை 11 பூகம்பத்தில் இந்த மலைமேலுள்ள கட்டடங்களும் சேதப்பட்டன, ஆகவே விஞ்ஞானமே சகரியாவை நிரூபித்துவிட்டது என்கிறார்கள். பூகம்பம் உண்மை. ஆனால் அந்தப் பெரிய பிளவு ஓடுவது வடக்கு தெற்காக. சகரியா சொல்லும் பள்ளத்தாக்கு அதற்குக் குறுக்கே விழுகிறது. வசனம் இதைத் தேவனுடைய செயலாகவே சொல்கிறது. 5ஆம் வசனம் உசியா ராஜாவின் காலத்துப் பூமியதிர்ச்சியை நினைவூட்டுவது, ஜனங்கள் ஓடிப்போன அந்த ஓட்டத்துக்கு ஒப்புமையாக.

எதிரே ஆலய மதிலில் அடைபட்டு நிற்பது பொன் வாசல். நகர மதில்களை ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 1537 முதல் 1541 வரை திரும்பக் கட்டினார்; அந்த வேலையில்தான் வாசலும் அடைக்கப்பட்டதாகச் சொல்வது வழக்கம். எசேக்கியேல் 44:2 நிறைவேறியது என்று வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வசனத்தில் இருப்பது பரிசுத்த ஸ்தலத்தின் கிழக்குப் புற வாசல், கர்த்தர் அதன் வழியாய்ப் பிரவேசித்ததினால் பூட்டப்படுவது. கண்ணெதிரே இருப்பது எசேக்கியேலுக்குப் பல நூற்றாண்டு பிந்திய கட்டடம், மனிதர் அடைத்தது. இரண்டையும் ஒன்றாக்கினால், நாளை யாராவது அந்தக் கல்லை எடுத்துவிட்டால் விசுவாசமும் சேர்ந்து ஆடும்.

மேடையின் அடியில் யூதக் கல்லறைகள், ஒரு லட்சத்துக்கும் மேல். உயிர்த்தெழுதல் இங்கே தொடங்கும் என்ற நம்பிக்கையோடு புதைக்கப்பட்டவர்கள். சமாதிமேல் பூ வைப்பதில்லை, சின்னக் கல் வைப்பது அவர்கள் வழக்கம். கல்லறைகளுக்கு நடுவே நின்று குரல் உயர்த்திப் பிரசங்கம் வேண்டாம். இவர்களும் இதே சகரியாவை வாசித்துத்தான் கண் மூடினார்கள்.

பாட்டர் நோஸ்டர் ஆலயத்தில் கர்த்தருடைய ஜெபம் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் ஓட்டுப் பலகைகளில் பதித்திருக்கிறது, தமிழும் உண்டு. இன்று முழுக்கத் தேடிய பொருள் அந்த ஜெபத்தின் இரண்டாம் விண்ணப்பத்தில் இருக்கிறது: உம்முடைய ராஜ்யம் வருவதாக.

மூன்றாம் நாள்: ஆலய மலை, எசேக்கியேலின் கோல்

இந்த நாளுக்கு ஒரு டேப்பும் ஒரு தாளும் வேண்டும். வேதாகமத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் மேற்கு மதில் பக்கமுள்ள முக்ரபி வாசல் வழியாக மட்டும், ஞாயிறு முதல் வியாழன் வரை, காலையிலும் மதியத்துக்கு மேல் சிறிது நேரமும் உள்ளே போகலாம். வெள்ளி, சனி கிடையாது. பண்டிகை நாள்களில் நேரம் மாறும், முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வேதாகமமோ சிலுவையோ சோதனையில் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள். உள்ளே வெளிப்படையாக ஜெபிக்கவும் கூடாது. தோள், முழங்கால் மூடிய உடை. வரிசையில் ஒரு மணி நேரம் ஆகலாம்.

எசேக்கியேல் 40:5ல் தூதன் கையிலிருந்த அளவுகோல் ஆறு முழம். அந்த முழமோ சாதாரணக் கைமுழத்தைவிட நாலு விரற்கடை அதிகம். ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் என்று வைத்தால், கோல் 3.12 மீட்டர். இப்போது 42:16 முதல் 20 வரை வாருங்கள். ஒவ்வொரு புறமும் 500 கோல் என்று எபிரெயத்திலும் நம் தமிழிலும் இருக்கிறது. 500 கோல் என்றால் 1,560 மீட்டர். சதுரத்தின் சுற்றளவு 6 கிலோமீட்டருக்கு மேல். மதிலுக்குள்ளிருக்கும் பழைய எருசலேமின் சுற்றளவே 4 கிலோமீட்டர்தான்! முழு நகரமும் இந்தச் சதுரத்துக்குள் அடங்கிவிடும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இங்கே முழக் கணக்கு இருக்கிறது. 500 முழம் என்றால் 260 மீட்டர். இன்றைய ஆலய மேடையின் மேற்கு மதில் ஏறத்தாழ 488 மீட்டர், தெற்கு மதில் 280 மீட்டர். 260 மீட்டர்ச் சதுரம் தாராளமாக உட்காரும்.

எது சரி? 40ஆம் அதிகாரத்தையே வைத்துக் கூட்டிப் பார்க்கலாம். வெளிவாசல் 50 முழம், வெளிப்பிராகாரம் 100, உள்வாசல் 50, உட்பிராகாரம் 100, மறுபடி உள்வாசல் 50, வெளிப்பிராகாரம் 100, வெளிவாசல் 50. மொத்தம் 500 முழம், சுத்தமாக. இந்தக் கூட்டலைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகு, 42ஆம் அதிகாரத்திலும் முழமே பொருந்தும் என்று தோன்றுகிறது. கோல் என்றே பிடிப்பவர்கள், சகரியா 14:10ல் தேசம் சமபூமியாக மாறி எருசலேம் உயர்த்தப்படும் என்பதைக் காட்டி, அப்போது இடம் இருக்கும் என்கிறார்கள். அதுவும் வசனத்தைக் கொண்டே சொல்லும் பதில்தான்.

அந்த உயரத்தைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஏசாயா 2:2, கர்த்தருடைய ஆலயமாகிய பர்வதம் பர்வதங்களின் கொடுமுடியில் நிற்கும் என்கிறது. ஆலய மலை ஏறத்தாழ 740 மீட்டர். எதிரே ஒலிவமலை 800க்கு மேல். தாவீதின் பட்டணத்தார் தினமும் அண்ணாந்து பார்த்த மலைகளுக்கு நடுவே, தாழ்ந்து நிற்கும் குன்று இது. ஏசாயாவின் வாக்கு முதலில் கேட்டவர்கள் காதில் எவ்வளவு விந்தையாக விழுந்திருக்கும் என்பது இங்கே நின்றால்தான் விளங்கும்.

எசேக்கியேலின் ஆலயத்தை வருங்கால ராஜ்யத்தில் நேரடியாகக் கட்டப்போகும் கட்டடமாக எடுப்பவர்களுக்குக் கடினமான இடம் பலிகள். கிறிஸ்துவின் ஒரே பலி போதும் என்று எபிரெயர் 10 சொல்லியிருக்கும்போது மறுபடி ஏன் பாவநிவாரண பலி? 'நினைவுகூருதலுக்காக, திருவிருந்து போல' என்பது வழக்கமான பதில். ஆனால் 45:15, 17 வசனங்கள் நினைவுகூருதலுக்கு என்று சொல்லவில்லை. பாவநிவிர்த்தி செய்யும்படி என்கின்றன. இன்னொன்று, அங்கே வரும் அதிபதியைக் கிறிஸ்து என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 45:22ல் அவன் தனக்காகவும் பாவநிவாரண பலி செலுத்துகிறான். 46:16ல் அவனுக்குக் குமாரர்கள் இருக்கிறார்கள். அந்த ஆலயத்தில் உடன்படிக்கைப் பெட்டி சொல்லப்படவில்லை, பிரதான ஆசாரியனும் சொல்லப்படவில்லை. சிறைப்பட்டுப்போன 25ஆம் வருஷம், ஆலயம் எரிந்து 14 வருஷம் கழித்து, ஒரு ஆசாரியன் கண்ட தரிசனம் இது. அளவு ஒவ்வொன்றும் இழந்த வீட்டை மனதுக்குள் திரும்ப நடந்து பார்க்கிறவனுடையது போல இருக்கிறது. இந்த அதிகாரங்களைச் சலிப்பென்று தாண்டுகிறவர்கள்மேல் வருத்தம்தான் வருகிறது.

நான்காம் நாள்: பெத்லகேம்

தெற்கே 9 கிலோமீட்டர். தமஸ்கு வாசலிலிருந்து 231ஆம் எண் பேருந்து. பாஸ்போர்ட்டும் நுழைவுச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போதுதான் சோதனை. பிறப்பின் ஆலயத்து வாசல் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம், குனிந்தே போக வேண்டும்.

இஸ்ரவேலை ஆளுகிறவர் பெத்லகேமிலிருந்து வருவார் என்பது மீகா 5:2. மத்தேயு 2:6 அதை எடுத்துச் சொல்லும்போது ஒரு மாற்றம் தெரியும். மீகா 'சிறியதாயிருந்தும்' என்கிறார், மத்தேயுவில் 'சிறியதல்ல'. ஆளுகிறவர் பிறந்த பிறகு ஊர் சிறியதல்ல என்று மத்தேயு பொருளுரைக்கிறார். அதே மீகா 5, ஆறாம் வசனம் வரை போனால், அசீரியா தேசத்தைப் பட்டயத்தால் மேய்ப்பதைப் பேசுகிறது. பிறப்பு நிறைவேறிவிட்டது, அந்த மேய்ப்பு? முதல் வருகை, இரண்டாம் வருகை என்று கிறிஸ்தவர்கள் பிரிப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

386 முதல் இங்கே தங்கி எபிரெயத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோம், ஆயிர வருஷ பூமிக்குரிய ஆட்சியை ஒப்புக்கொள்ளாதவர். எபிரெயம் அறிந்தவர் எல்லோரும் நேர்ப்பொருள்தான் கொள்வார்கள் என்று சொல்ல முடியாது என்பதற்கு அவர் ஒருவர் போதும்.

திரும்பும் வழியில் யாப்பா வாசலுக்கு உள்ளே கிறிஸ்து ஆலயம், 1849. இஸ்ரவேல் தன் தேசத்துக்குத் திரும்பும், அதன்பின் ராஜ்யம் வரும் என்று நம்பிய ஆங்கிலேயச் சங்கம் கட்டியது. உள்ளே எபிரெய எழுத்துகள், கிட்டத்தட்ட ஜெப ஆலயம் போன்ற அமைப்பு. அந்த நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் இஸ்ரவேலுக்கும் சபைக்கும் தனித்தனித் திட்டம் என்று போதித்தார். 1909ல் வெளியான ஸ்கோஃபீல்ட் வேதாகமம் அதை அடிக்குறிப்பாக வேத வசனத்தின் கீழேயே அச்சிட்டது. குறிப்பும் வசனமும் ஒரே பக்கத்தில் இருந்ததால், எது எது என்று பிரிக்காமல் படித்துவிட்டார்கள். நம் ஊர்ச் சுவர்களில் தொங்கும் கால அட்டவணைப் படங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவை.

ஐந்தாம் நாள்: கும்ரான், என்கேதி

90ஆம் நெடுஞ்சாலை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குறைந்தபட்சம். கும்ரானில் முதலில் ஒரு விஷயம்: அங்கே வாழ்ந்தவர்களுடைய ஒழுங்கு நூல் ஆரோனின் மேசியா, இஸ்ரவேலின் மேசியா என்று இருவரைப் பேசுகிறது. இயேசுவின் காலத்தில் 'யூதர்கள் எதிர்பார்த்த மேசியா' என்று ஒரே வார்ப்பு இருந்ததாகப் பேசுவது சரியில்லை.

என்கேதி போகும் வழியில் எசேக்கியேல் 47. ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர். ஆயிரம் ஆயிரம் முழமாக நாலு முறை அளக்க, கணுக்கால், முழங்கால், இடுப்பு, பிறகு நீந்தும் ஆழம். 4,000 முழம் என்பது ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஆலய மலையிலிருந்து நேர் கிழக்கே அந்தத் தூரம் போனால் ஒலிவமலையைத் தாண்டியாக வேண்டும். தண்ணீர் மலை ஏறாது. அதனால்தான் வியாக்கியானக்காரர்கள் இதைச் சகரியா 14இன் பிளவோடு இணைக்கிறார்கள். மலையைச் சுற்றிப் போக வழி இல்லாமலும் இல்லை: கீதரோன் ஓடை தென்கிழக்காக மார் சபா மடம் வழியாகச் சவக்கடலுக்கே இறங்குகிறது. 740 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்குக் கீழே 430க்கும் மேல். எருசலேமில் பெய்யும் மழையில் ஒரு பகுதி இப்போதும் அந்த வழியில்தான் போகிறது.

சவக்கடல் நீரில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. மட்டம் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்குகிறது, யோர்தானின் தண்ணீரை மேலேயே திருப்பிக்கொள்வதாலும் தெற்கே தாது எடுக்க நீரை ஆவியாக்குவதாலும். கடல் பின்வாங்கிய இடத்தில் நன்னீர் நிலத்தடியில் புகுந்து புதைந்த உப்புப் படுகையைக் கரைக்கிறது. மேல்மண் திடீரென்று உள்வாங்கிக் குழியாகிறது. என்கேதியின் பழைய கடற்கரையை இதனால்தான் மூடினார்கள். வேலி தாண்டி உப்புக் கரையில் படம் எடுக்கப் போகவே கூடாது.

'சவக்கடலில் மீன் வந்துவிட்டது, எசேக்கியேல் நிறைவேறிவிட்டது' என்று வாட்ஸப்பில் சுற்றும் படங்களுக்கு விளக்கம் இங்கே கிடைக்கும். வடமேற்குக் கரையில் ஐன் ஃபெஷ்காவில் ஊற்றுக் குளங்கள் இருக்கின்றன. அவற்றின் உப்புக் குறைந்த நீரில் சிறு மீன்கள் வாழ்கின்றன. கடலுக்குள் ஒரு மீனும் இல்லை. தவிர, எசேக்கியேலின் தண்ணீருக்கு ஊற்று ஆலயத்தின் வாசற்படி. ஊற்று இல்லாமல் மீனை மட்டும் நிறைவேறுதலாகக் கொள்வது, 47ஆம் அதிகாரத்தில் பாதியை வாசித்ததாகும். முழுதும் வாசித்தால் 11ஆம் வசனமும் வரும்: உளையான பள்ளங்கள் உப்பாகவே விடப்படும். உவமையாக மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஒரு வசனத்தை விளக்குவது சிரமம். பலிக்கு உப்பு வேண்டும் (43:24), சமையலுக்கு வேண்டும். அதை மறக்காத தரிசனம்.

ஆறாம் நாள்: நாசரேத்து

வடக்கே 140 கிலோமீட்டருக்கு மேல். சந்தைக்குள் 'ஜெப ஆலயச் சபை' என்று மெல்கைட் கத்தோலிக்கரிடம் இருக்கும் சிறிய கல் கூடம். முதல் நூற்றாண்டுக் கட்டடம் அல்ல; லூக்கா 4ஐ நினைப்பதற்கான இடம்.

இயேசு ஏசாயா 61ஐ வாசித்து, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம் என்பதோடு நிறுத்திச் சுருளைச் சுருட்டினார். அடுத்த சொற்கள், நீதியைச் சரிக்கட்டும் நாள். யூதர்கள் வழிவழியாகக் காத்துவந்த மசோரெத்து என்னும் எபிரெய மூலத்தில் இரண்டுக்கும் நடுவே 'வாவ்' என்ற ஒரே எழுத்துதான், நம் 'உம்' போன்றது. அந்த ஓர் எழுத்துக்குள் இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் நிற்கிறது என்பது பிரபலமான போதனை. வலுவான கவனிப்புதான். ஆனால் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. லூக்கா தரும் வாசிப்பில், நொறுங்குண்டவர்களை விடுதலையாக்குவது என்பது ஏசாயா 58:6லிருந்து வந்து சேர்ந்தது. ஆக, அது ஓரிடத்தில் கத்தரித்த வாசிப்பாக மட்டுமல்ல, இரண்டு இடங்களைப் பின்னிய வாசிப்பாகவும் இருக்கிறது. கும்ரானின் மெல்கிசேதேக்குச் சுருளும் இதே 61ஐ யூபிலி வருஷத்தோடு பின்னுகிறது.

ஊர்ப் பெயருக்கு வருவோம். மத்தேயு 2:23, நசரேயன் என்னப்படுவார் என்று 'தீர்க்கதரிசிகளால்' சொல்லப்பட்டது என்கிறது, பன்மையில். அந்த வாக்கியம் பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. ஏசாயா 11:1ல் ஈசாயின் வேர்களிலிருந்து எழும்பும் கிளை எபிரெயத்தில் 'நேட்செர்'. ஊர்ப் பெயரிலும் அதே 'ட்சாதே' எழுத்தா என்பது முன்பு கேள்வியாக இருந்தது. 1962ல் செசரியாவில் கிடைத்த ஆசாரிய முறைமைக் கல்வெட்டுத் துண்டில் நாசரேத்து 'ட்சாதே'யோடு எழுதியிருக்கிறது. எண்ணாகமம் 6இன் நசரேய விரதக்காரனுக்கோ வேறு எழுத்து, 'சாயின்'. இரண்டையும் குழப்பி, இயேசு விரதக்காரராக இருந்தார் என்று பிரசங்கிப்பது இந்த எழுத்தில் சறுக்குவதால்.

ஏழாம் நாள்: மெகிதோ, செசரியா

மெகிதோவில் நீண்ட நேரம் வேண்டாம். மேட்டிலிருந்து யெஸ்ரயேல் சமவெளி முழுதும் தெரியும், பழைய நீர்ச் சுரங்கத்துக்கு 183 படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருக்கலாம். வெளிப்படுத்தின விசேஷம் 16:16 அர்மகெதோனில் கூட்டிச்சேர்த்ததை மட்டுமே சொல்கிறது. யுத்தம் 19ஆம் அதிகாரத்தில். ராஜ்யத்தைத் தேடி வந்தவர்கள் யுத்தக் களத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் இங்கே அடிக்கடி நடப்பது.

செசரியா கடற்கரைக்கு மத்தியானத்தில் வந்துவிடலாம். மூன்றாம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஒரிகேன் இங்கே போதித்தார். எபிரெயத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் ஆறு பத்திகளில் பக்கம் பக்கமாக நிறுத்திய அவருடைய நூல் இந்த ஊர் நூலகத்தில் இருந்தது. பிறகு அதே நூலகத்தில் உழைத்த யூசேபியஸ், தம் சபை வரலாற்றில், பூமியில் ஆயிர வருஷ ஆட்சி என்று கற்பித்த பப்பியாஸ் என்னும் பழைய ஆயரைச் சிறுமதி உள்ளவர் என்று எழுதினார். பப்பியாஸ் சொன்னதாக இன்னொரு பழைய ஆயர் ஐரேனியஸ் தருவது, ஒரு திராட்சைக்குப் பத்தாயிரம் கிளை, கிளைக்குப் பத்தாயிரம் கொப்பு என்று பெருகிக்கொண்டே போகும் கணக்கு. யூசேபியஸின் பொறுமையின்மை ஓரளவு புரிகிறது.

ஆனால் இதே யூசேபியஸ், கான்ஸ்டன்டைன் பேரரசர் தம் இருபதாம் ஆட்சியாண்டு விழாவில் ஆயர்களுக்கு அளித்த விருந்தை விவரிக்கும்போது, உருவிய வாளோடு நின்ற காவலருக்கு நடுவே ஆயர்கள் அச்சமின்றி உள்ளே போனதைச் சொல்லி, அது கிறிஸ்துவின் ராஜ்யத்தின் சாயல் போல் இருந்தது என்கிறார். பட்டயம் மண்வெட்டியாகவில்லை, காவலன் கையிலேயே இருந்தது. அதைக் காட்டிலும், நாப்லூஸில் பிறந்த கிறிஸ்தவப் போதகர் ஜஸ்டின் இரண்டாம் நூற்றாண்டில் எழுதியது நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. எருசலேம் திரும்பக் கட்டப்பட்டு ஆயிர வருஷம் நிற்கும் என்று தாமும் பலரும் நம்புவதாகச் சொல்லிவிட்டு, சுத்த விசுவாசமுள்ள கிறிஸ்தவர் அநேகர் வேறு விதமாக நினைக்கிறார்கள் என்றும் அதே இடத்தில் எழுதி வைத்தார்.

பழைய துறைமுகத்தின் கற்கள் கடலுக்குள் அமிழ்ந்து கிடக்கின்றன. வெயில் தாழ்ந்த பிறகு அவற்றின் பக்கம் உட்கார்ந்து ஏசாயா 65ஐ 17இலிருந்து மறுபடி வாசிக்க இருபது நிமிஷம் போதும். 20ஆம் வசனத்தில் அவசரப்படாதீர்கள்.